விடுப்பு என்றார், ஊதியத்தை வெட்டினார்!

ஆங்கிலத்திலே 'ஃபர்லோ' என்றொரு சொல் உண்டு. டச்சு மொழியிலிருந்து அங்கே குடியேறிய சொல். போர்வீரன் மேலதிகாரியின் இசைவு பெற்று, பாசறையை விட்டு ஊருக்குச் சென்று, தாயைக் கண்டு, தாரத்தைக் கண்டு, குறித்த நாளிலே திரும்பி வருவதற்கான விடுப்பு என்பதே அதன் பிறவிப் பொருள். நம் நாட்டுக்கும் அது பழக்கப்பட்ட சொல்தான். கும்பினி ஆட்சியிலே வெள்ளைத் துரைமார் பல்லாண்டுப் பணிக்குப் பின் 'ஃபர்லோ' பெற்றுக் கப்பலேறிச் சீமைக்குச் செல்வர். அங்கே அவர்கள் இளைப்பாறும் காலத்துக்கும் கும்பினி படியளக்கும். அளந்த படி எவன் வயலிலே விளைந்தது என்பது வேறு கதை!

அந்தச் சொல் 2009-ஆம் ஆண்டிலே, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்னியா மாநிலத்திலே புதுக்கோலம் பூண்டது. ஊழியர் கேளாமலே கொடுக்கப்பட்ட விடுப்பு. வேண்டாம் என்று மறுக்க வழியில்லாத விடுப்பு. எடுத்த நாளுக்கு ஊதியம் இல்லாத விடுப்பு. ஊதிய வெட்டு என்று உரைத்தால் உறுத்தும். ஆட்குறைப்பு என்று அறிவித்தால் ஊர் கூடிக் கேட்கும். விடுப்பு என்று சொல்லிவிட்டாலோ, 'உனக்கென்னப்பா, வெள்ளிக்கிழமையும் ஓய்வு!' என்று அண்டை வீட்டுக்காரர் வாழ்த்துக் கூறவும் வருவார்.

இந்தச் சொல்லையும், இதனை எதிர்த்து அங்குள்ள அரசு ஊழியர் சங்கங்கள் பேசிய சொற்களையும், பின்னர் அவை கையொப்பமிட்ட சொற்களையும் எடுத்துவைத்துத் திறனாய்வதே நம் நோக்கம். காவியத்தையும் நாவலையும் மட்டுமே திறனாய வேண்டும் என்று விதித்தவர் யார்? ஆணையும் எழுத்துத்தான், தீர்ப்பும் எழுத்துத்தான், ஒப்பந்தமும் எழுத்துத்தான். இலட்சக்கணக்கான வீட்டு அடுப்புகளின் சூடு அந்த எழுத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். எந்தக் காவியத்துக்கு அத்தகைய ஆற்றல் உண்டு?

முதலில் களத்தைக் காண்போம். கலிபோர்னியா ஏழை மாநிலமன்று. தனி நாடாக இருப்பின் உலகின் பெரும் பொருளாதாரங்களின் வரிசையிலே வைத்து எண்ணத்தக்கது. அங்கே கவர்னர் என்பவர் டில்லி அனுப்பி வைக்க வந்து, மாளிகையிலே குடியேறிக் கோப்புகளைக் கிடப்பில் போடுகிறவரல்லர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்க, ஆட்சியை நேரே நடத்துகிறவர். 2003-ஆம் ஆண்டிலே, இருந்த கவர்னரை மக்கள் இடைக்காலத்திலேயே திரும்ப அழைத்துவிட்டு, திரைப்பட நடிகர் ஆர்னால்டு சுவார்செனேகரை அப்பீடத்தில் அமர்த்தினர். வெள்ளித்திரையிலிருந்து ஆட்சிப்பீடத்துக்கு வருவது தமிழர்க்கு வியப்பூட்டும் செய்தியன்று. ஆகவே மேலே செல்வோம். பதவியேற்ற அன்றே அவர் செய்த முதற்காரியம், மோட்டார் வண்டிகளுக்கான கட்டண உயர்வை நீக்கியது. கைதட்டல் பலமாக இருந்தது. கருவூலத்துக்கோ ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டாலர் இழப்பு!

அதற்கும் முன்னரே, 1978-ஆம் ஆண்டிலே, மக்கள் வாக்கெடுப்பின் மூலம் 13-ஆம் முன்மொழிவு என்ற திருத்தம் அம்மாநில அரசியல் சட்டத்திலே ஏறியிருந்தது. வீடு, நிலம், மாளிகை ஆகியவற்றின் மீதான வரி, மதிப்பிலே ஒரு விழுக்காட்டுக்கு மேல் போகலாகாது. மதிப்பும் ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறலாகாது. எந்த வரியையும் கூட்டச் சட்டமன்றத்தில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும். முதிய வீட்டுக்காரரைக் காப்பதற்கென்று சொல்லப்பட்ட அந்தத் திருத்தத்தின் நிழலிலே பெருநிறுவனங்களின் கட்டடங்களும் குளிர்ச்சியாக ஒதுங்கிக்கொண்டன. வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதற்கும் மூன்றில் இரு பங்கு வேண்டும் என்ற பழைய விதி வேறு இருந்தது. ஆகவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட உறுப்பினர் கூடி 'மாட்டோம்' என்று கை கட்டிக்கொண்டால், மாநிலமே கை கட்டி நிற்க வேண்டியதுதான். இந்தப் பூட்டை வாசகர் நினைவிலே வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

நில வரி இவ்வாறு கட்டப்பட்டுவிட்டதால், வருமான வரியே மாநிலப் பொது நிதியின் பெரும் தூண். அதிலும் செல்வர்களின் பங்குச் சந்தை ஆதாயத்தைப் பற்றி நிற்கும் தூண். 2008-இலே பங்குச் சந்தை சரிந்தது, தூண் ஆடியது. ஒன்றரை ஆண்டுக் காலத்துக்கு 4,000 கோடி டாலர் அளவுக்குப் பற்றாக்குறை என்று கணக்கிட்டனர்.

அரசு ஊழியர் மீது முதல் அடி, அந்தக் கணக்குக்கும் முன்னரே, 2008 ஜூலை 31 அன்று விழுந்தது. வரவு செலவுத் திட்டம் காலத்தில் நிறைவேறவில்லை என்று காரணம் காட்டி, 10,000-க்கும் மேற்பட்ட தற்காலிக, பகுதி நேர ஊழியரை நீக்கினார் கவர்னர். எஞ்சியோர்க்குத் திட்டம் நிறைவேறும் வரை மணிக்கு 6.55 டாலர் என்ற நடுவணரசின் குறைந்தபட்சக் கூலியே தரப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டார். சம்பளக் காசோலையை வழங்க வேண்டியவர் மாநிலக் கணக்குத் தலைவர் ஜான் சியாங். அவரும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 'வழங்க மாட்டேன்' என்றார் அவர். முழுச் சம்பளமே சென்றது. சங்கங்கள் செய்ய இயலாததை அங்கே ஒரு பேனா செய்தது. அந்தச் செய்தி சங்கங்களுக்கு ஊக்கமளித்தது. ஊக்கம் சற்று மிகையாகிவிட்டதோ என்பது நம் ஐயம். கவர்னரின் ஆணையைத் தடுக்க யாரேனும் ஓர் அதிகாரி, யாரேனும் ஒரு நீதிபதி இருப்பார் என்ற நம்பிக்கை அன்று வேர்விட்டது.

2008 டிசம்பர் 19 அன்று வந்தது அடுத்த ஆணை. 2009 பிப்ரவரி முதல் 2010 ஜூன் முடிய, மாதத்துக்கு இரு நாள் ஊதியமில்லா விடுப்பு. பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை. மாநில அலுவலகங்களின் கதவுகள் முதன்முறையாக அவ்வாறு மூடப்பட்டன. ஜூலையிலே இரண்டு மூன்றாயிற்று. 2,00,000-க்கும் மேற்பட்ட ஊழியர் இந்த வலைக்குள் வந்தனர். ஒரு நாள் விடுப்புக்கு மாத ஊதியத்திலே 4.62 விழுக்காடு போகும். மூன்று நாளுக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு. மாதம் 3,000 டாலர் பெறும் எழுத்தர் ஒருவர் 415 டாலரை இழப்பார். அந்த 415 டாலர் அவர் வீட்டிலே வாடகையாக இருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவின் கூலியாக இருந்தது. காருக்குத் தவணையாக இருந்தது. வாடகைக்காரர் எவரும் 'இந்த மாதம் மூன்று நாளைக்கு என் வீட்டுக்கு விடுப்பு' என்று கூறக் காணோம்!

ஆட்சியாளர் பக்கத்து வாதத்தையும் எடுத்து வைப்பதே முறை. 'வேலையை விட்டு நீக்குவதைவிட விடுப்பு மேலன்றோ? ஓய்வூதியக் கணக்கிலே குறையில்லை. மருத்துவக் காப்பீட்டிலே குறையில்லை. நெருக்கடியை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாமன்றோ?' என்றனர். வலுவான வாதந்தான். அந்நாளில் கலிபோர்னியாவிலே வேலையற்றோர் தொகை 12 விழுக்காட்டையும் தாண்டிற்று. தனியார் தொழிலகத்திலே வேலையிழந்து நின்ற ஒருவர், 'உனக்கு வேலையாவது இருக்கிறதே' என்று அரசு ஊழியரைப் பார்த்துக் கேட்டால், அதற்கு விடை கூறுவது எளிதன்று.

ஆனால், பகிர்ந்துகொள்வது என்றால் எதனை, யாருடன் என்று கேட்க வேண்டாவா? இங்கேதான் ஆணையின் பொருளற்ற தன்மை பளிச்சிடுகிறது. ஊனமுற்றோர்க்கு உதவித் தொகை வழங்கலாமா என்று மனுக்களை ஆய்ந்து முடிவு செய்யும் அலுவலகம் ஒன்று உண்டு. அங்கே பணிபுரிவோர் மாநில ஊழியர். ஆனால் அவர்தம் ஊதியம் முழுவதையும், ஒரு காசு குறையாமல், வாஷிங்டன் அரசு கொடுத்துவிடுகிறது. அவர்களையும் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கு அனுப்பினர்! மாநிலக் கருவூலத்துக்கு மிச்சம் எவ்வளவு? ஒன்றுமில்லை. மாறாக, வாஷிங்டனிலிருந்து வரவேண்டிய பணம் வராது போயிற்று; மனுக்கள் மேசைமேல் ஏறின. சமூகப் பாதுகாப்புத் துறையின் ஆணையர் மைக்கேல் அஸ்ட்ரூ, வெளிப்படையாகவே கண்டித்தார். பக்கவாதத்திலே கை விழுந்த ஒருவர், தன் மனுவுக்கு விடை வருமென்று காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்திலும் இரண்டு மூன்று நாட்கள் கழிக்கப்பட்டன. அவரும் நெருக்கடியைப் 'பகிர்ந்துகொண்டார்' போலும்!

சிறைச்சாலையைப் பாருங்கள். சிறையை வெள்ளிக்கிழமை மூடிவிட இயலுமா? இயலாது. ஆகவே சிறைக் காவலர் வேலைக்கு வந்தனர். ஊதியம் மட்டும் குறைந்தது. குறைந்ததற்கு ஈடாக, 'உன் கணக்கிலே இத்தனை மணி விடுப்பு உள்ளது; பின்னொரு நாள் எடுத்துக்கொள்' என்று சீட்டெழுதினர். பின்னொரு நாள் அவர் எடுத்தால், அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்தி அவருக்கும் ஊதியம் தர வேண்டும். எடுக்காவிட்டால், கடன் ஏட்டிலே கிடக்கும். செலவைக் குறைத்ததாகப் பறை சாற்றிக்கொண்டு, செலவைக் கடனாக்கினர். இதனைச் சிக்கனம் என்று அழைப்பவர், கிணற்று நீரைக் குடத்தில் மொண்டு வைத்து, கிணறு வற்றியது என்று கணக்கெழுதுவார்.

கட்டணத்தால் நடக்கும் துறைகள் பல. அவற்றின் ஊதியம் பொது நிதியிலிருந்து வருவதேயன்று. அங்கும் கதவடைப்புத்தான். ஆக, வெட்டு எங்கே தேவை என்று பார்த்து வெட்டவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வெட்டினர். அந்த வெள்ளிக்கிழமைக் கதவுகள், அரசு சிக்கனம் செய்கிறது என்று காட்டும் விளம்பரப் பலகைகளாகத் தொங்கின.

இனிச் சங்கங்களின் பக்கம் வருவோம். கலிபோர்னிய அரசு ஊழியர்க்குக் கூட்டுப் பேர உரிமையைத் தந்தது 1977-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் வழி ஊழியர்கள் பல பிரிவுகளாகப் பேசுகின்றனர். பொறியாளர்க்கு ஒரு சங்கம், அறிவியலாளர்க்கு ஒன்று, வழக்குரைஞர்க்கு ஒன்று, சிறைக் காவலர்க்கு ஒன்று. எழுத்தர், செவிலியர், வரித்துறையினர் முதலாகப் பலரையும் கொண்ட மிகப் பெரிய சங்கத்துக்கு 'லோக்கல் 1000' என்று பெயர். ஏறத்தாழ 95,000 ஊழியர்க்காகப் பேசும் சங்கம் அது. 2008 ஜூன் 30 அன்று அதன் ஒப்பந்தம் காலாவதியாகியிருந்தது. புது ஒப்பந்தம் இல்லாத நிலையில் வந்தது விடுப்பு ஆணை.

சங்கங்கள் நீதிமன்றத்தை நாடின. அவை எழுப்பிய வினாவை ஊன்றிப் படித்தோம்: 'சட்டமன்றத்தைக் கேளாமல், சங்கத்தோடு பேசி முடிக்காமல், ஊழியரின் வேலை நேரத்தையும் ஊதியத்தையும் குறைக்கக் கவர்னருக்கு அதிகாரம் உண்டா?' வழக்குரைஞர் நோக்கிலே கூர்மையான வினா. சாக்ரமென்டோ நீதிமன்றம் 2009 ஜனவரி இறுதியிலே கவர்னர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்குகள் பெருகின; மேலே ஏறின. இறுதியில் 2010 அக்டோபர் 4 அன்று, தலைமை நீதிபதி ரொனால்டு ஜார்ஜ் எழுத, மாநில உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பு வழங்கினர்.

தீர்ப்பு என்ன சொல்கிறது? சங்கங்கள் கூறியதே சரி என்கிறது! தன் விருப்பத்தால் இவ்வாறு விடுப்பளிக்கக் கவர்னருக்கு அதிகாரம் இல்லை என்கிறது. மகிழ்ச்சியடைய வேண்டிய இடம். ஆனால் அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அந்த அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு என்றும், 2009 பிப்ரவரியிலே வரவு செலவுத் திட்டத்தைத் திருத்தியபோது ஊழியர் ஊதியத்துக்கான தொகையைச் சட்டமன்றம் குறைத்துவிட்டது என்றும், அதுவே கவர்னரின் விடுப்புக்கு ஒப்புதல் ஆகும் என்றும் கூறி, விடுப்பு செல்லும் என்று முடிக்கிறது. கோட்பாட்டில் வெற்றி, கூலியில் தோல்வி.

நீதிபதிகளைக் குறை கூறப் புகவில்லை நாம். கேட்ட கேள்விக்கு விடையளித்தனர். 'வெட்டும் கத்தி யார் கையில் இருக்க வேண்டும்?' என்று கேட்டால், 'இன்னார் கையில்' என்றுதான் விடை வரும். 'வெட்டத்தான் வேண்டுமா? வேறு இடத்தில் பணம் இல்லையா?' என்ற வினாவுக்கு எந்த நீதிமன்றத்திலும் கூண்டு கிடையாது. ஏறத்தாழ இரண்டாண்டுக் காலம் சங்கங்களின் ஊக்கத்தையும் பணத்தையும் பெருமளவில் விழுங்கிய வழக்கு, கத்தியின் உரிமையாளர் யார் என்பதைத் தெளிவுபடுத்திற்று. கழுத்துக்கு அந்தத் தெளிவால் ஆன பயன் சிறிதே.

சிறிதே என்றோம், இல்லை என்று கூறவில்லை. தொழிலாளர் இழப்பீட்டுக்கான மாநிலக் காப்பீட்டு நிதியத்திலே பணிபுரிவோர் வழக்காடி வென்றனர். அந்த நிதியத்தின் ஊழியரை ஆட்குறைப்புக்கு உட்படுத்தலாகாது என்று சட்டத்திலேயே ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. விடுப்பும் அதற்குள் அடங்கும் என்று 2010-இலே மேல்முறையீட்டு நீதிமன்றம் உரைத்தது. ஏட்டிலே முன்கூட்டி எழுதப்பட்ட ஒரு வரி இருந்த இடத்திலே நீதிமன்றம் உதவிற்று. எழுதப்படாத இடத்திலே, எழுதும் உரிமை படைத்தவரிடமே திருப்பி அனுப்பிற்று.

பேச்சு மேசையையும் சங்கம் நாடாமலில்லை. 2009 பிப்ரவரியிலே லோக்கல் 1000, கவர்னர் தரப்பினரோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: மாதத்துக்கு இரு நாள் என்பது ஒரு நாளாகும்; லிங்கன் பிறந்த நாள், கொலம்பஸ் நாள் ஆகிய இரு விடுமுறைகளும் போகும். உறுப்பினரும் ஏற்றனர். ஆனால் சட்டமன்றம் ஏற்க வேண்டுமே! ஏற்கவில்லை. உடன்பாடு காற்றிலே போயிற்று. விடுமுறை நாட்கள் இரண்டும் வேறு சட்டத்தால் போயின. ஜூலையிலோ ஒரு நாள் கேட்டவர்க்கு மூன்று நாள் கிடைத்தது! மேசையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருந்தவரிடம் சாவி இல்லை என்பதை அன்றே கண்டிருக்கலாம்.

அப்படியாயின் வேலை நிறுத்தம்? 2009 கோடையிலே உறுப்பினரிடம் வாக்குக் கேட்டது சங்கம், பெரும்பான்மையோர் இசைந்தனர். வேலை நிறுத்தம் நடைபெறவில்லை. கோழைத்தனம் என்று சிலர் எழுதினர். நாம் அவ்வாறு எழுதமாட்டோம். அம்மாநிலச் சட்டத்தின்படி, காலாவதியான ஒப்பந்தத்தின் விதிகள் புது ஒப்பந்தம் வரும் வரையிலோ, பேச்சு முறிந்து முட்டுச்சந்தில் நிற்கும் வரையிலோ தொடரும். வேலை நிறுத்தம் செய்யமாட்டோம் என்ற விதியும் அவற்றுள் ஒன்று. விந்தையைப் பாரீர்! அதே ஒப்பந்தத்தின் ஊதிய விதியை ஆட்சியாளர் கத்தரித்தார். வேலை நிறுத்தத் தடையோ ஊழியரைக் கட்டிக்கொண்டே இருந்தது. தவிரவும், அமெரிக்க அரசு ஊழியர் மனத்திலே 1981-ஆம் ஆண்டு ஆறாத வடு. அவ்வாண்டு ஆகஸ்டிலே வேலை நிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000-க்கும் மேற்பட்டோரைக் குடியரசுத் தலைவர் ரேகன் ஒரே வீச்சில் நீக்கினார். அவரும் நடிகராயிருந்தவர்; அவரும் கலிபோர்னிய கவர்னராக இருந்தவர்.

நாம் குறையாகக் காண்பது வேறு. வெள்ளிக்கிழமைக் கதவுக்கு வெளியே இருவர் நின்றனர். உள்ளே போக முடியாத ஊழியர் ஒருவர். உள்ளே போக முடியாத பொதுமகன் மற்றொருவர். அந்த இருவரையும் கைகோக்க வைக்கும் பேச்சு அந்தப் போராட்டத்திலே போதவில்லை. சங்கங்கள் பேசாமலிருந்தன என்று பழி கூறவில்லை. தனியார் நிறுவனங்களுக்கு வாரி வழங்கும் குத்தகைகளை முதலில் வெட்டுங்கள் என்று லோக்கல் 1000 இடித்துரைத்தது உண்மை. ஆனால், வழக்கு மன்றத்து வாய்தாக்களே செய்தித்தாள்களின் தலைப்பை நிரப்பின. ஊழியரின் 14 விழுக்காடு பேசப்பட்ட அளவுக்கு, ஊனமுற்றவரின் மேசைமேல் கிடந்த மனு பேசப்படவில்லை. வேலையற்றவர் கேட்ட கேள்விக்கு, 'என் சம்பளம் குறைகிறது' என்பது விடையாகாது. 'உன் வேலையில்லாக் காலத்து உதவித் தொகைக்கான விண்ணப்பத்தைப் பார்ப்பவனும் நான்தான்' என்பதன்றோ விடை!

2010 அக்டோபரிலே ஒப்பந்தம் வந்தது. அதற்கு முன், ஆகஸ்டிலே மூன்று நாள் விடுப்பை மீண்டும் திணித்திருந்தார் கவர்னர். அது நீங்கியது. அதற்கு ஈடாக ஊழியர் தம் ஓய்வூதியத்துக்குக் கட்டும் பங்கு 5 விழுக்காட்டிலிருந்து 8 ஆயிற்று. ஓராண்டுக் காலத்துக்கு மாதம் ஒரு நாள் ஊதியமில்லா விடுப்பு. அதற்கு இட்ட பெயரைக் கவனியுங்கள்: 'தனிப்பட்ட விடுப்புத் திட்டம் — 2010'. ஃபர்லோ என்ற சொல் மறைந்தது. ஆணை மறைந்தது. உடன்பாடு பிறந்தது. ஆணையாக இருந்தபோது கொள்ளை என்று கண்டிக்கப்பட்ட செயல், உடன்பாடாக வந்தபோது திட்டம் என்று தலைப்பிடப்பட்டு ஒரு விதியாக அமர்ந்தது.

இதனைக் காட்டிக்கொடுத்தல் என்போர் உளர். அது முறையன்று. ஒருவர் பிடுங்குவதற்கும், நாம் பேசிக் கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு, மூன்று நாள் ஒன்றாயிற்று, எல்லை குறிக்கப்பட்டது. ஆயினும், பேசிக் கொடுத்ததற்கு மற்றொரு விலையும் உண்டு. அதை அன்று யாரும் கணக்கிட்டதாகத் தெரியவில்லை. பிடுங்கினால் அது நெருக்கடி. கொடுத்தால் அது வழக்கம். தலைப்பிலே ஆண்டின் எண்ணைப் போட்டுவிட்டால், வேறொரு எண்ணைப் போட இடம் இருந்துகொண்டே இருக்கும்.

பூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டியிருந்தோம். அந்தப் பூட்டைத் திறந்தது வழக்குமன்றமுமன்று, பேச்சு மேசையுமன்று, வாக்குப் பெட்டி. 2010 நவம்பர் 2 அன்று, 25-ஆம் முன்மொழிவு மக்கள் முன் வந்தது: வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். ஊழியர் சங்கங்கள் அதற்காகப் பாடுபட்டன, மக்கள் ஏற்றனர். அதிலே சுவையான ஒரு விதியும் உண்டு. ஜூன் 15-க்குள் திட்டத்தை நிறைவேற்றாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சட்டமன்ற உறுப்பினருக்குச் சம்பளமில்லை! மறு ஆண்டே, 2011 ஜூனிலே, முன்னர் நாம் கண்ட அதே ஜான் சியாங், திட்டம் ஒழுங்காக நிறைவேறவில்லை என்று கூறி உறுப்பினரின் சம்பளத்தை நிறுத்தினார். அவ்வாறு தீர்ப்புக் கூற அவருக்கு அதிகாரமில்லை என்று பின்னர் நீதிமன்றம் உரைத்ததென்னவோ உண்மைதான். ஆயினும் ஊதியமில்லா நாள் எப்படிச் சுவைக்கும் என்பதை உறுப்பினர் சில நாட்களேனும் அறிந்தனர். சாக்ரமென்டோ எழுத்தர்கள் சிரிக்காமலா இருந்திருப்பர்?

2012 நவம்பரிலே 30-ஆம் முன்மொழிவு. ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் ஈட்டுவோரின் வருமான வரி உயர்ந்தது; விற்பனை வரி டாலருக்குக் கால் சென்ட் கூடியது. செல்வரிடம் மட்டுமே வாங்கியிருந்தால் இன்னும் மேலாக இருந்திருக்கும். விற்பனை வரி ஏழையின் கூடையையும் தொடும். எனினும், 'பணம் எங்கே?' என்ற கேள்வியைச் சங்கங்களும் ஆசிரியரும் கவர்னர் ஜெர்ரி பிரவுனும் மக்கள் முன் வைத்தனர், விடை கிடைத்தது. அதே 2012 ஜூலையிலே தொடங்கியிருந்த 'தனிப்பட்ட விடுப்புத் திட்டம் — 2012', மாதம் ஒரு நாள், ஓராண்டோடு 2013 ஜூனில் முடிந்தது. ஏறத்தாழ ஈராண்டு வழக்காடிப் பெறாததை இரண்டு வாக்கெடுப்புகள் பெற்றுத் தந்தன என்பதே நாம் படித்த வரலாறு.

வரலாறு அத்துடன் நின்றிருந்தால் கட்டுரையும் நின்றிருக்கும். 2020-இலே கொரோனா வந்தது. மே மாதத்திலே கவர்னர் நியூசம் 5,430 கோடி டாலர் பற்றாக்குறை வரும் என்று மதிப்பிட்டார். மதிப்பீடு என்பது வருமுன் கூறுதல், வந்த கணக்கன்று. ஆயினும் ஜூன் மாதத்திலேயே சங்கம் கையொப்பமிட்டது. மாதம் இரு நாள், 9.23 விழுக்காடு வெட்டு; 'தனிப்பட்ட விடுப்புத் திட்டம் — 2020'. 2009-இலே சுவார்செனேகர் முதலில் ஆணையிட்ட அதே அளவு! அன்று வழக்கு, இன்று கையொப்பம். 2021 மே மாதத்திலே அதே கவர்னர் மாளிகை வெளியிட்ட கணக்கு என்ன? 7,570 கோடி டாலர் உபரி! வெட்டு 2021 ஜூன் இறுதியோடு நீங்கிற்று. பழைய ஊதியம் மீண்டது. மதிப்பீடு பொய்த்தால் வெட்டிய ஊதியமும் திரும்ப வேண்டும் என்று ஒரு வரியை முன்னமே வலியுறுத்தி எழுதியிருக்க வேண்டாவா? காப்பீட்டு நிதிய ஊழியரைக் காத்தது அத்தகைய ஒற்றை வரிதானே!

அந்த 2021-ஆம் ஆண்டிலேயே லோக்கல் 1000 சங்கத்துக்குத் தேர்தல். 2008 முதல் தலைவராயிருந்த இவான் வாக்கர் தோற்றார். வென்றவர் சொன்ன உறுதிமொழிகளுள் இரண்டு நம் கருத்தை ஈர்க்கின்றன: சந்தாவைப் பாதியாகக் குறைப்பேன், சங்கத்தின் பணத்தை அரசியலில் செலவிட மாட்டேன். உறுப்பினரின் கசப்பு நமக்குப் புரிகிறது. ஆனால் எந்தக் களத்திலே சங்கம் உண்மையாக வென்றதோ, அந்தக் களத்தை விட்டு வெளியேறுவேன் என்றவர்க்கு வாக்குக் கிடைத்ததெனில், 25-ஆம் முன்மொழிவும் 30-ஆம் முன்மொழிவும் தம் சம்பளச் சீட்டோடு எப்படிப் பிணைந்தவை என்பதை உறுப்பினர்க்கு யாரும் எடுத்துரைக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். வழக்கின் ஒவ்வொரு வாய்தாவையும் அச்சிட்டு வழங்கிய சங்கங்கள், வாக்கின் கதையைச் சொல்லித் தர மறந்தன போலும்.

2025-ஆம் ஆண்டிலே மீண்டும் பற்றாக்குறை. ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்வதை விடுத்து அலுவலகத்துக்குத் திரும்புமாறு இட்ட ஆணை ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 3 விழுக்காடு ஊதிய உயர்வு அளிக்கப்பட்டது. அதே 3 விழுக்காடு, அதே ஒப்பந்தத்திலே, கழிக்கவும்பட்டது. கழித்ததற்கு ஈடாக மாதம் 5 மணி நேரம் விடுப்பு, கணக்கிலே சேரும். விதியின் தலைப்பு: 'தனிப்பட்ட விடுப்புத் திட்டம் — 2025'.